லேப்டாப்பில் ஒளிந்திருக்கும் ‘ரெக்கவரி பார்ட்டிஷன்’: அழித்தால் இடம் கிடைக்குமா, சிக்கல் வருமா?

சி டிரைவ் சிவப்பாகிவிட்டது. விண்டோஸ் அப்டேட் பாதியில் நிற்கிறது. புராஜெக்ட்டுக்கு ஒரு சாஃப்ட்வேர் போடலாம் என்றால் ‘இடம் போதாது’ என்று மெசேஜ் வருகிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் காலேஜ் போகும் பிள்ளைகள் இருக்கும் பல வீடுகளில் இது பழகிப்போன பிரச்னை.

அப்போது நண்பர் ஒருவர் சொல்லும் யோசனை இதுதான்: “உள்ள ஒரு ரெக்கவரி பார்ட்டிஷன் ஒளிஞ்சிருக்கு. அதை அழிச்சா 20 ஜிபி சும்மா கிடைக்கும்.”

சில லேப்டாப்களில் இது சரியான யோசனை. சிலவற்றில் அரை ஜிபிகூட தேறாது. இன்னும் சிலவற்றில், அழித்த பிறகு லேப்டாப் ஆன் ஆனதும் கறுப்புத் திரையோடு நின்றுவிடும். உங்கள் லேப்டாப் எந்த வகை? தொடுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்? முழு விவரம் இதோ.

256 ஜிபி என்றார்கள், 238தான் காட்டுதே?

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். தமிழ்நாடு அரசு 2026 ஜனவரியில் ‘உலகம் உங்கள் கையில்’ திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய லேப்டாப்களில் 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி இருக்கிறது. ஆனால் விண்டோஸில் பார்த்தால் மொத்தமே சுமார் 238 ஜிபிதான் வரும். மீதி 18 ஜிபி ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள்.

அப்படி எதுவும் இல்லை. டிஸ்க் தயாரிக்கும் நிறுவனங்கள் 1 ஜிபியை 100 கோடி பைட் என்று கணக்கிடுகின்றன. விண்டோஸ் 1 ஜிபியை சுமார் 107 கோடி பைட்டாகக் கணக்கிடுகிறது. அளவு ஒன்றுதான், அளக்கும் படிதான் வேறு. இதே கணக்கில் 512 ஜிபி டிஸ்க் 476 என்றும், 1 டிபி டிஸ்க் 931 என்றும் காட்டும். இந்த வித்தியாசத்தை எந்த பார்ட்டிஷனை அழித்தும் மீட்க முடியாது.

உண்மையில் மறைந்திருப்பது எது?

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’டைத் திறங்கள். கீழே உங்கள் டிஸ்க் கட்டம் கட்டமாகத் தெரியும். இப்போதைக்கு எதையும் கிளிக் செய்ய வேண்டாம். போனில் ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது உதவும்.

சி டிரைவைத் தவிர, எழுத்தே இல்லாத கட்டங்கள் சில இருக்கும். அவை பெரும்பாலும் இந்த 4 வகைக்குள் வந்துவிடும்.

1. இ.எஃப்.ஐ. பகுதி: 100 முதல் 300 எம்பி வரை இருக்கும். லேப்டாப் ஆன் ஆனதும் விண்டோஸை எங்கிருந்து தொடங்குவது என்ற தகவல் இதில்தான் உள்ளது. விண்டோஸ் 7 காலத்து லேப்டாப்களில் பெரும்பாலும் இந்த வேலையை ‘சிஸ்டம் ரிசர்வ்டு’ என்ற 100 எம்பி பகுதி செய்யும். இரண்டையும் தொடவே கூடாது.

2. விண்டோஸின் சொந்த ரெக்கவரி பகுதி: பெரும்பாலும் 500 எம்பி முதல் 1 ஜிபி வரை. விண்டோஸ் திறக்காமல் போகும்போது நீலத் திரையில் ‘ட்ரபிள்ஷூட்’ என்று வரும் மெனு இங்கிருந்துதான் வருகிறது.

3. லேப்டாப் கம்பெனியின் ரெக்கவரி பகுதி: பெரும்பாலும் 10 முதல் 25 ஜிபி வரை. கடையிலிருந்து வாங்கிய அன்று இருந்த நிலைக்கே லேப்டாப்பைத் திருப்ப உதவும் முழு நகல் இது. நண்பர் சொன்ன ‘20 ஜிபி’ இதுதான். விண்டோஸ் 7, 8 காலத்து லேப்டாப்களில் இது சர்வசாதாரணம். புதிய லேப்டாப்களில் சிறியதாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

4. லினக்ஸ் பகுதி: தமிழ்நாட்டு வீடுகளில் தனியாகக் கவனிக்க வேண்டியது இதுதான்.

அரசு லேப்டாப் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

தமிழ்நாடு அரசின் முதல் விலையில்லா லேப்டாப் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா 2011 செப்டம்பர் 15-ம் தேதி தொடங்கி வைத்தார். இடம், ஆவடியிலிருந்து அதே ரயில் பாதையில் போனால் வரும் திருவள்ளூரை ஒட்டிய காக்களூர். அந்தத் திட்டத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு ‘பாஸ் லினக்ஸ்’ என்ற இன்னொரு இயங்குதளமும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. 2026-ல் வந்துள்ள லேப்டாப்களிலும் விண்டோஸ் 11-உடன் பாஸ் லினக்ஸ் தரப்படுகிறது.

இதில் சிக்கல் எங்கே வருகிறது? லினக்ஸ் பயன்படுத்தும் ஃபைல் முறையை விண்டோஸால் படிக்க முடியாது. அதனால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்தப் பகுதி பெயரும் எழுத்தும் இல்லாமல், சும்மா கிடக்கும் இடம் போலத் தெரியும். ரெக்கவரி பகுதிகளுக்கு டெலீட் ஆப்ஷனைக் காட்டாத விண்டோஸ், இதற்கு மட்டும் தாராளமாகக் காட்டும். ‘யாருக்கும் வேண்டாத இடம்தானே’ என்று அழித்துவிடுவார்கள்.

ரீஸ்டார்ட் செய்ததும் கறுப்புத் திரையில் ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்று ஒரு வரி வந்து நிற்கும். காரணம், விண்டோஸா லினக்ஸா என்று கேட்கும் அந்தத் தொடக்க மெனுவே லினக்ஸ் பகுதிக்குள்தான் இருந்தது. விண்டோஸும் உங்கள் ஃபைல்களும் அப்படியே பத்திரமாக இருக்கும். ஆனால் உள்ளே போக வழி இருக்காது. புதிய லேப்டாப் என்றால் பூட் மெனுவில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்பதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய்விடலாம். பழையதில் விண்டோஸ் பென்டிரைவ் வைத்து ஸ்டார்ட்-அப் பகுதியைச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

ஆன் செய்யும்போது இரண்டு இயங்குதளங்களின் பெயரும் ஒரு மெனுவில் வருகிறதா? அப்படியானால் பெயரில்லாத கட்டம் எதையும் தொடாதீர்கள்.

சின்ன ரெக்கவரி பகுதியை ஏன் விட்டுவைக்க வேண்டும்?

அதை அழித்தால் கிடைப்பது அதிகபட்சம் 1 ஜிபி. ரெண்டு சினிமா டவுன்லோடு கூட அதில் நிற்காது. ஆனால் ஒரு நாள் தேவைப்படும்போது அது இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே பார்த்த உதாரணம் உண்டு.

2024 ஜூலை 19-ம் தேதி, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. இந்தியாவில் விமானப் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுக்கப்பட்ட நாள் அது. முடங்கிய கம்ப்யூட்டர்களை மீட்க, பெரும்பாலும் ரெக்கவரி மெனு வழியாகவோ சேஃப் மோடுக்குள் போயோ அந்தப் பிழையான ஃபைலை நீக்க வேண்டியிருந்தது. அந்த மெனு இருக்கும் இடம்தான் இந்தச் சின்ன பகுதி.

இன்னொரு சம்பவமும் உண்டு. 2024 ஜனவரி 9-ம் தேதி விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட் பலருக்கு இறங்காமல் எரர் காட்டியது. ரெக்கவரி பகுதியில் போதிய காலி இடம் இல்லாததுதான் காரணம். அதை 250 எம்பி பெரிதாக்கும் வழிமுறையை மைக்ரோசாஃப்டே வெளியிட்டது. அதாவது, நாம் அழிக்க நினைக்கும் பகுதியை அவர்கள் பெரிதாக்கச் சொன்னார்கள்.

செட்டிங்ஸில் உள்ள ‘ரீசெட் திஸ் பிசி’ வசதியும் இந்த ரெக்கவரி அமைப்பை நம்பியே இயங்குகிறது.

அப்போ எதைத்தான் அழிக்கலாம்?

மூன்றாவது வகையை, அதாவது கம்பெனியின் பெரிய ரெக்கவரி பகுதியை மட்டும். அதுவும் கீழே உள்ள நிலைகளில்தான் பலன் உண்டு.

லேப்டாப் விண்டோஸ் 7 அல்லது 8-உடன் வந்து, பிறகு நீங்கள் விண்டோஸ் 10-க்கு மாறியிருந்தால், அந்தப் பகுதியில் இருப்பது பழைய விண்டோஸின் நகல்தான். அதை வைத்து ரெக்கவர் செய்தால் பத்து வருஷம் பின்னால் போய் நிற்பீர்கள். அதைக் காப்பாற்றுவதில் பெரிய பயன் இல்லை.

பழைய ஹார்ட் டிஸ்க்கை மாற்றி 128 ஜிபி எஸ்எஸ்டி போட்டிருக்கிறீர்களா? கடைக்காரர் பழைய டிஸ்க்கை அப்படியே ‘க்ளோன்’ செய்திருந்தால் ரெக்கவரி பகுதியும் கூடவே வந்திருக்கும். 128 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸ் காட்டுவதே 119 ஜிபி. அதில் 20 ஜிபி என்பது ஆறில் ஒரு பங்கு. இங்கே அழிப்பதில் அர்த்தம் உண்டு.

500 ஜிபி, 1 டிபி டிஸ்க் என்றால் இந்த 20 ஜிபி பெரிய விஷயமே இல்லை. விட்டுவிடுங்கள்.

‘அழிச்சா விண்டோஸ் லைசென்ஸ் போயிடுமா?’ என்று பலர் பயப்படுகிறார்கள். போகாது. விண்டோஸ் 8 முதல், லேப்டாப்போடு வரும் விண்டோஸின் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பை மறுபடி போட்டால் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். விண்டோஸ் 7 லேப்டாப் என்றால் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை போட்டோ எடுத்து வையுங்கள்.

அழிக்கும் முன் கட்டாயம் செய்ய வேண்டிய 4 வேலைகள்

ஒன்று: புராஜெக்ட், சர்டிஃபிகேட், குடும்ப போட்டோ எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கிலோ ஆன்லைனிலோ நகல் எடுங்கள். அதே லேப்டாப்பின் டி டிரைவில் வைப்பது நகல் ஆகாது.

இரண்டு: பிட்லாக்கர் ரெக்கவரி கீயை எடுத்து வையுங்கள். விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் நமக்குத் தெரியாமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். ஏதாவது மாறினால் 48 இலக்க எண்ணைக் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் டிவைஸ் பகுதிக்குள் அந்த எண் சேமிக்கப்பட்டிருக்கும். அதைக் காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள். லேப்டாப்பிலேயே சேமித்தால், கேட்கும்போது எடுக்க முடியாது.

மூன்று: பென்டிரைவில் ரெக்கவரி தயாரியுங்கள். ஸ்டார்ட் மெனுவில் ‘ரெக்கவரி டிரைவ்’ என்று தேடினால் விண்டோஸே செய்து தரும். குறைந்தது 16 ஜிபி பென்டிரைவ் வேண்டும். அதில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், ஜாக்கிரதை. டெல், ஹெச்பி, லெனோவோ நிறுவனங்கள் தங்கள் இணையதளங்களில் ரெக்கவரி டவுன்லோடு வசதியும் தருகின்றன. மாடலுக்கு அது கிடைக்கிறதா என்று சீரியல் நம்பர் போட்டுப் பார்க்கலாம்.

நான்கு: அந்தப் பென்டிரைவ் வேலை செய்கிறதா என்று சோதியுங்கள். பலர் விட்டுவிடும் படி இதுதான். பென்டிரைவைச் செருகி, ரீஸ்டார்ட் செய்து, பூட் மெனுவைத் திறங்கள். பெரும்பாலான டெல், லெனோவோ, ஏசர் லேப்டாப்களில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. பென்டிரைவிலிருந்து ரெக்கவரி மெனு வந்தால் போதும். எதையும் தேர்ந்தெடுக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

எப்படி அழிப்பது?

விண்டோஸ் 8, 8.1 லேப்டாப்களில் இது சுலபம். ரெக்கவரி டிரைவ் தயாரித்து முடித்ததும், கடைசித் திரையில் ‘ரெக்கவரி பார்ட்டிஷனை நீக்கவா?’ என்று விண்டோஸே கேட்கும்.

விண்டோஸ் 10, 11-ல் கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டும். அதற்கு முன் ஒரு சோதனை: ரீஏஜென்ட் என்ற ஆங்கிலச் சொல்லோடு சி எழுத்தைச் சேர்த்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு இன்ஃபோ என்று டைப் செய்யுங்கள். விண்டோஸின் ரெக்கவரி எந்த பார்ட்டிஷனில் இருக்கிறது என்ற எண் வரும். நீங்கள் அழிக்க நினைக்கும் பகுதியின் எண்ணும் அதுவும் ஒன்றாக இருந்தால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வேறு எண் என்றால், ‘டிஸ்க்பார்ட்’ என்ற கருவிக்குள் போய், லிஸ்ட் டிஸ்க், செலக்ட் டிஸ்க், லிஸ்ட் பார்ட்டிஷன், செலக்ட் பார்ட்டிஷன் என்று வரிசையாகப் போக வேண்டும். ஒவ்வொரு படியிலும் அளவை, முதலில் எடுத்த போட்டோவோடு ஒப்பிடுங்கள். கடைசியாக ‘டெலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு’ என்று கொடுத்தால் போய்விடும்.

இந்தக் கருவி ‘நிச்சயமா?’ என்று ஒருமுறைகூட கேட்காது. என்டர் தட்டினால் தட்டியதுதான். யாராவது ‘க்ளீன்’ என்ற கமாண்டைச் சொல்லித் தந்தால் அதை மட்டும் போடாதீர்கள். அது தேர்ந்தெடுத்த டிஸ்க்கில் உள்ள எல்லா பார்ட்டிஷனையும் மொத்தமாகத் துடைத்துவிடும்.

அழிச்சாச்சு, ஆனா சி டிரைவ் பெருசாகலையே?

இது அடிக்கடி நடப்பது. காலியான இடம் சி டிரைவுக்கு வலது பக்கத்தில் ஒட்டி இருந்தால்தான் ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ வேலை செய்யும். நடுவில் வேறொரு பகுதி இருந்தாலோ, காலி இடம் இடது பக்கம் இருந்தாலோ அந்த ஆப்ஷன் மங்கலாகத்தான் இருக்கும்.

எனவே அழிக்கும் முன்பே போட்டோவில் பாருங்கள். அந்தப் பகுதி சி-க்கு அடுத்த கட்டமாக இல்லையென்றால், அந்த இடத்தைத் தனி டிரைவாக மாற்றி போட்டோ, வீடியோ வைத்துக்கொள்ளலாம். பார்ட்டிஷனை நகர்த்தித் தரும் சாஃப்ட்வேர்கள் உண்டு. ஆனால் நகர்த்தும்போது கரண்ட் போய், பேட்டரியும் இறங்கிவிட்டால் டேட்டா போய்விடும் அபாயம் இருக்கிறது.

அழிக்காமலே 20 ஜிபி கிடைக்குமா?

பல லேப்டாப்களில் கிடைக்கும். முதலில் இதை முயற்சி செய்யுங்கள்.

செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் போய் ‘டெம்பரரி ஃபைல்ஸ்’ பாருங்கள். சமீபத்தில் விண்டோஸ் பதிப்பு மாறியிருந்தால் பழைய விண்டோஸின் நகல் 10, 20 ஜிபி வரை உட்கார்ந்திருக்கும். 10 நாளில் தானாகவே போகும், அவசரம் என்றால் இங்கேயே நீக்கலாம். அந்தப் பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்றும் ஒரு வரி இருக்கும். அதை டிக் செய்தால் உங்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டரே காலியாகிவிடும்.

8 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் ஹைபர்நேஷனுக்காக சுமார் 3 ஜிபி ஒதுக்கப்பட்டிருக்கும். அந்த வசதியைப் பயன்படுத்தாதவர்கள் அதை நிறுத்தலாம். ஆனால் ஆன் ஆவது சற்றுத் தாமதமாகும். ஒன்டிரைவ் பயன்படுத்தினால் ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ கொடுங்கள். ஃபைல் ஆன்லைனில் இருக்கும், லேப்டாப்பில் இடம் பிடிக்காது.

கடையில் கொடுப்பதாக இருந்தால்...

அம்பத்தூர் ஓ.டி. பக்கமோ, ஆவடி மார்க்கெட்டிலோ, பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலோ, ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ எங்கே கொடுத்தாலும் இந்த 3 கேள்விகளைக் கேளுங்கள்: “எந்த பார்ட்டிஷனை அழிக்கப் போறீங்க, அளவு எவ்வளவு? அதுக்கு முன்னாடி ரெக்கவரி பென்டிரைவ் போட்டுத் தருவீங்களா? புது எஸ்எஸ்டி போடுறதா இருந்தா க்ளோன் பண்றீங்களா, ஃபிரெஷ்ஷா விண்டோஸ் போடுறீங்களா?” பதில் தெளிவாக வராவிட்டால் லேப்டாப்பைக் கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

தவறுதலாக வேறு பகுதியை அழித்துவிட்டால்?

உடனே நிறுத்துங்கள். புதிய பார்ட்டிஷன் உருவாக்க வேண்டாம், ஃபார்மேட் செய்ய வேண்டாம், எதையும் காப்பி செய்ய வேண்டாம். பார்ட்டிஷனை அழிக்கும்போது அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குறிப்புதான் முதலில் நீக்கப்படுகிறது. உள்ளே இருந்த ஃபைல்கள் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். ‘டெஸ்ட்டிஸ்க்’ போன்ற இலவசக் கருவிகளால் அந்தக் குறிப்பைத் திரும்ப எழுத முடியும். ஆனால் எஸ்எஸ்டிகளில் காலி இடத்தைத் தானாகத் துடைக்கும் வசதி இருப்பதால், நேரம் போகப் போக வாய்ப்பு குறையும். லேப்டாப்பை ஆஃப் செய்துவிட்டு, டேட்டா ரெக்கவரி தெரிந்தவரிடம் கொண்டு போவதே நல்லது.

சுருக்கமாக...

1 ஜிபிக்குக் குறைவான பகுதி எதையும் தொடாதீர்கள். பெயரில்லாத பெரிய பகுதி லினக்ஸாக இருக்கலாம். கம்பெனி ரெக்கவரி பகுதி 10 ஜிபிக்கு மேல் இருந்து, டிஸ்க் சின்னதாக இருந்து, சோதித்துப் பார்த்த பென்டிரைவும் கையில் இருந்தால் மட்டும் அழிக்கலாம். செமஸ்டர் புராஜெக்ட் கொடுக்கும் வாரத்தில் மட்டும் இந்த வேலையில் இறங்கவே இறங்காதீர்கள்.